பங்கிட்ட பொறுப்பு

கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவர் மூவருள் ஒருவர் கூடைக்கு அடியில் கோட்டோரம் நின்று உடல்கள் மோதுமிடத்தையும், மற்றொருவர் பின்னின்று பந்துள்ள பக்கத்தையும், மூன்றாமவர் பந்தில்லாப் பக்கத்தையும் நோக்குகின்றனர். எனினும், உரியவருடைய பார்வை மறைக்கப்பட்டுக் கொடிய ஃபவுல் ஒன்று நிகழுமாயின், அயல்பகுதியில் நிற்பவரும் விசில் ஊதக் கடமைப்பட்டவராவார். பார்வையைப் பங்கிடலாம், தர்மத்தையும் பங்கிட முடியுமா?

இதே கேள்வி பட்டாசு ஆலைகளைக் கண்காணிக்கும் துறைகளிடமும் எழுகிறது. சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் 2021 பிப்ரவரி 12 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாய் மின்னும் கைகளோடு வெடிமருந்து செலுத்துவோருக்கு ஓர் உராய்வே எமன். ஆகவேதான் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என விதி வகுத்து, வெடிபொருள் உரிமத்தை ஒரு துறையும், தொழிலகப் பாதுகாப்பை வேறொரு துறையும், எஞ்சியவற்றை வருவாய், தீயணைப்பு, காவல் துறைகளும் பார்க்கின்றன. உரிமையாளரின் பொறுப்பையோ, இவ்வட்டாரத்தின் பழைய நோயாகிய உள்குத்தகை சிதறடித்துவிடுகிறது.

செய்தவனோடு செய்வித்தவனும் உடன்பட்டவனும் வினைப்பயனை ஏற்பர் என்பது நம் தர்ம விசாரத்தில் பழகிய கொள்கை. அப்பயன் மூன்று கூறாகக் குறைந்து வருவதன்று, ஒவ்வொருவரையும் முழுமையாகவே பற்றுவது; கண்டும் வாளாவிருந்தவனை உடன்பட்டவனாகவே நான் கொள்கிறேன். ஆதலின், வரம்பு மீறிய அறையைக் காணும் அதிகாரி எத்துறையினராயினும், உரியவருக்கு அன்றே அறிவித்து, அவ்வறையில் வேலை நிற்கும்வரை அவ்விடம்விட்டு அகலாதிருப்பாராக.