திருப்பித் தர இயலாத இருவர்

அன்பு செலுத்தியதால் மன்னிப்புக் கிடைக்கிறதா, மன்னிப்புக் கிடைத்ததால் அன்பு பிறக்கிறதா? லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியைப் படிப்பவர் இக்கேள்வியைக் கடந்து செல்ல இயலாது.

சீமோன் என்ற பரிசேயர் இயேசுவை விருந்துக்கு அழைக்கிறார். பரிசேயர்கள் திருச்சட்டத்தை அன்றாட வாழ்வின் சிறு செயல்களிலும் கடைப்பிடிக்க முயன்றவர்கள். அவர்கள் அனைவரையும் வேடதாரிகள் என்று ஒதுக்குவது நியாயமன்று. விருந்தின் நடுவே, ஊரார் பாவி என்று அறிந்திருந்த பெண் ஒருத்தி உள்ளே வருகிறாள். அவளுடைய கண்ணீர் இயேசுவின் பாதங்களை நனைக்கிறது. கூந்தலால் அவற்றைத் துடைத்து, முத்தமிட்டு, நறுமணத் தைலம் பூசுகிறாள். (அவள் பெயரை லூக்கா கூறவில்லை. அவளே மகதலா மரியாள் என்னும் கருத்து, போப் முதலாம் கிரகோரி 591-இல் ஆற்றிய அருளுரைக்குப் பின் மேற்கில் வேரூன்றியது.)

இவர் இறைவாக்கினரானால் தம்மைத் தொடுபவள் எத்தகையவள் என அறியாமலிருப்பாரா என்று சீமோன் மனத்துக்குள் எண்ணுகிறார். அதற்கு விடையாக இயேசு ஒரு கதை சொல்கிறார். ஒருவனிடம் இருவர் கடன்பட்டிருந்தனர். ஒருவனது கடன் 500 தெனாரியம், மற்றவனது கடன் 50. ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் ஊதியம். இருவராலும் திருப்பித் தர இயலவில்லை. இருவர் கடனையும் அவன் தள்ளுபடி செய்தான். இவர்களில் யார் அவனிடம் அதிக அன்பு கொள்வான்?

கதையில் தள்ளுபடி முதலில் வருகிறது, அன்பு பின்னர் வருகிறது. ஆனால் அடுத்து அப்பெண்ணைப் பற்றிப் பேசும்போது, அவள் மிகுதியாக அன்பு கூர்ந்தாள் என்பது மன்னிப்புக்குக் காரணம்போல் ஒலிக்கிறது. அவ்வாறே பொருள் கொண்ட உரையாசிரியர்களும் உண்டு. இங்கே மொழிபெயர்ப்பவன் சற்றுத் தயங்கவே வேண்டும். கிரேக்க மூலத்திலுள்ள ‘ஹோட்டி’ என்ற சிறு சொல் இரு பொருளுக்கும் இடம் தருகிறது.

நம் தர்க்க நூலார் காரணத்தை இரண்டாகப் பிரிப்பர். ஒன்றை உண்டாக்குவது காரக ஹேது. ஒன்று இருப்பதை நமக்கு அறிவிப்பது ஞாபக ஹேது. மலைமேல் எழும் புகை நெருப்பை உண்டாக்குவதில்லை, நெருப்பு இருப்பதை அறிவிக்கிறது. அப்பெண்ணின் கண்ணீரும் அத்தகைய புகையே என்று கொண்டால் கதையும் கூற்றும் முரணின்றிப் பொருந்துகின்றன. ‘மன்னிக்கப்பட்டிருக்கின்றன’ என முன்பே நிறைவுற்ற செயலாக மூலத்தில் வினைச்சொல் அமைந்திருப்பதும் இதற்குத் துணை நிற்கிறது.

அப்படியானால் அவள் செய்தது என்ன? இறுதியில் இயேசு அவளை மீட்டதாகச் சுட்டுவது அவளது நம்பிக்கையை. தைலச் சிமிழை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். தன்னை விலக்கும் ஒரு வீட்டுக்குள், விலக்காத ஒருவர் இருக்கிறார் என்று நம்பி நுழைந்தாள். ஒருவருடைய கருணையை அவர் வாய் திறப்பதற்கு முன்பே மெய்யென ஏற்பதைத்தான் இங்கே நம்பிக்கை என்கிறோம்.

சீமோனின் நிலையே கடினமானது. விருந்தினரின் கால் கழுவ நீரில்லை, வரவேற்கும் முத்தமில்லை, தலைக்கு எண்ணெயில்லை என்று இயேசு அவரிடம் எடுத்துரைக்கிறார். புகையே இல்லாத இடம் அது. ஒழுக்கத்தோடு வாழ முயலும் நம்மில் பலர் 50 தெனாரியக் கடனாளிகள். தொகை சிறிது என்ற நிறைவில், அதையும் கட்ட இயலவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். எனினும் இயேசு சீமோனைச் சபிக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்து, அவர் வாயாலேயே சரியான விடையை வரவழைக்கிறார். கதையில் அந்தச் சிறு கடனும் தள்ளுபடியாகிவிட்டது.

அப்பெண் அமைதியுடன் விடைபெறுகிறாள். சீமோன் பின்னர் என்ன சொன்னார் என்பதை லூக்கா எழுதவில்லை.