ஓய்வின் கூலி

“பத்து நாள் எங்கேயாவது கடற்கரைப் பக்கம் போய்ச் சும்மா இருந்துவிட்டு வாருங்கள்” என்றார் டாக்டர். மாத்திரைகளுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்தவர், இதற்கு மட்டும் எழுதித் தரவில்லை. தந்திருந்தால் வீட்டில் காட்டுவதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திருப்பூரில் என் வீடு ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்புறம் இருக்கிறது. நிட்டிங் மெஷின்கள் இரவு பகல் ஓயாமல் ஓடும். நடுநிசியில் மின்சாரம் நின்றுவிட்டால் எனக்கு விழிப்பு வந்துவிடும். சத்தம் நின்றதுதான் காரணம்! இப்படிப்பட்ட ஆசாமி அமைதியைத் தேடிப் புறப்படுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் புறப்பட்டேன். காலையில் ஜனசதாப்தி ரயிலில் ஏறி, மத்தியானம் மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தேன். மே மாதத்து வெயில்.

தரங்கம் என்றால் அலை. அந்த ஊருக்கு வேறு பெயர் பொருந்தாது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் நூல்களை அச்சிட்ட ஊர் இதுதான். தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவது நியாயம், போட்டேன். 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் மனிதர்களையும் கொண்டுபோயிற்று. இவ்வளவும் நடந்த ஊரா இது என்று சந்தேகப்படும்படி, நான் போனபோது எங்கும் நிசப்தம். கரையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மணலில் நண்டுகள் ஓடின. ஒரு நாய் தூங்கிற்று.

முதல் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. நான்காம் நாள் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு, ‘ஆகா, இந்த ஊர் என்றைக்கும் இப்படியே இருக்கவேண்டும்’ என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலை, படகு நிழலில் கிழிந்த வலையை ஊசி வைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஊர் ரொம்ப அமைதியா இருக்குதுங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தடைக்காலம் தம்பி. போட்டு கடலுக்குப் போகலே. போனா இங்க நிக்க எடம் இருக்காது. ஏலச் சத்தத்துல காது போயிடும்.”

எனக்குச் சுரீர் என்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் மீன் பிடிக்கக்கூடாது. 2001-ல் 45 நாளாக ஆரம்பித்த தடை, 2017-ல் 61 நாள் ஆயிற்று. பத்திரிகையில் படித்ததுதான். படித்த விஷயமும் பார்த்த காட்சியும் ஒரே விஷயம் என்று மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். நான் நான்கு நாளாக அனுபவித்துக்கொண்டிருந்தது அந்த ஊரின் அமைதியை அல்ல. அந்த ஊரின் வேலையின்மையை.

“மீனு சினையா இருக்கற காலம். இப்பப் புடிச்சுப்புட்டா அப்புறம் என்னத்தப் புடிக்கிறது?” என்று அவரே தடைக்கு நியாயம் சொன்னார். பிறகு, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார்.

“திருப்பூருங்க.”

“அட! எம் மவன் அங்கதான் இருக்கான். போட்டுல போறவன். தடை விட்டதும் வந்துடுவான். பனியன் கம்பெனில என்னமோ கைமடிக்கிற வேலையாம்.”

அவர் மகன் என் ஊர் இரைச்சலுக்குள் போயிருக்கிறான். நான் அவன் ஊர் நிசப்தத்துக்கு வந்திருக்கிறேன். வித்தியாசம் இவ்வளவுதான்: எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார், அவனுக்கு வயிறு சொல்லியிருக்கிறது.

இதே பிழையை நான் முன்பும் ஒரு தடவை செய்திருக்கிறேன். எங்கள் நொய்யலைச் சாயக் கழிவு கெடுத்த கதை நாடறிந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில், கழிவு வெளியேறாமல் தடுக்காத சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. துணி நனையாமல் பனியன் கம்பெனிக்கு வேலை ஏது? எங்கள் தெருவும் மௌனமாயிற்று. என் முதல் நாவலை நான் எழுதி முடித்தது அந்த மாதங்களில்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, “தெரு இப்படியே இருந்தால் வருஷத்துக்கு ஒரு நாவல் எழுதிவிடுவேன்” என்றேன். என் மனைவி குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, “ஏனுங்க, வெளியில எங்கியும் இப்படிச் சொல்லிப் போடாதீங்க” என்றாள். எதிர் வீட்டுச் சாயப்பட்டறைத் தொழிலாளி அன்றைக்குத்தான் பெட்டி படுக்கையோடு சொந்த ஊருக்குப் போயிருந்தார்.

மீன் பெருகத் தடை வேண்டியதுதான். ஆறு பிழைக்க அந்த உத்தரவும் வேண்டியதுதான். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடலுக்கு ஓய்வு கொடுத்தாலும் ஆற்றுக்கு ஓய்வு கொடுத்தாலும், அந்த ஓய்வுக்குக் கூலி கொடுப்பவன் யார் என்று பார்த்தால், அவன் எப்போதும் தினக்கூலி வாங்குகிறவனாகவே இருக்கிறான். கடற்கரையில் அரசாங்கம் ஏதோ நிவாரணம் தருகிறது. அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டிவிடலாம் என்றால் பெரியவரின் மகன் கைமடிக்க வந்திருக்கமாட்டான். திருப்பூரிலோ, வசதியுள்ள முதலாளிகள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். வசதியில்லாதவன் பெட்டியைக் கட்டினான்.

சும்மா இருப்பதை ஒரு சித்தியாகவே போற்றுகிறவர்கள் நம்மவர்கள். சும்மா இருந்தவர்களுக்குச் சோறு எந்த வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஓய்வு என்பது திரும்பிப் போகிற தேதி தெரிந்தவனுக்கே ஓய்வு. கையில் ரயில் டிக்கெட்டும் பையில் பணமும் இருந்தால்தான் அலை பாடும்.

அப்படியானால் நான் அந்தக் கரையில் உட்கார்ந்ததே தப்பா? ஐந்தாம் நாள் முழுக்க இதையே யோசித்தேன். தப்பில்லை என்றுதான் படுகிறது. உடம்பு அசந்தவன் உட்காரத்தான் வேண்டும். நான் எழுந்து நின்றால் ஒரு மீன்கூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. தப்பு, ‘இப்படியே இருக்கவேண்டும்’ என்ற ஆசையில் இருக்கிறது. பிறர் கை முடங்கியிருக்கும் நேரத்தை, அந்த ஊரின் அழகு என்று பெயர் சூட்டி, அது நீடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே, அதில் இருக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. பிறர் கஷ்டத்தில் அவன் வர்ணனையைத் தேடுவான்.

ஏழாம் நாளே புறப்பட்டுவிட்டேன். பெரியவர் மகனுக்கென்று ஒரு கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றியும் ரயிலில் எனக்குப் பக்கத்து ஸீட் திருச்சி வரையில் காலியாகவே வந்தது!

ஊர் வந்த மறுநாள் சாயங்காலம் அந்தக் கம்பெனியைத் தேடிப் போனேன். ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. மேஸ்திரியிடம் பெயரைச் சொல்லவும், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி படிந்த ஒரு பையன் எழுந்து வந்தான். பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தான். என்னவோ கேட்டான், காதில் விழவில்லை. என் காதருகே குனிந்து, “அப்பா வலையைக் கட்டி முடிச்சுட்டாரா சார்?” என்று கத்தினான்.

“பாதிதான் ஆகியிருக்கிறது” என்று நானும் கத்தினேன்.