உறங்கும் முன் ஒரு பாடல்

மும்பையில் ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவை அடுத்துள்ள சிறிய நிலையம் சுனாபட்டி. மராத்தியில் 'சுனா' என்றால் சுண்ணாம்பு. 'பட்டி' என்றால் சூளை. ஒரு காலத்தில் அங்கே எரிந்த சுண்ணாம்புச் சூளைகளே ஊருக்குப் பெயராயின. தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளுக்கு அண்மையில் உள்ள அவ்வூரில், அன்பர் ஒருவரின் இல்லத்தில் கீதையின் ஆறாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது.

உணவு, விஹாரம், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய அனைத்திலும் அளவு காப்பவனுக்கே யோகம் துன்பத்தைத் துடைப்பதாகும் என்பது அந்த அத்தியாயத்தின் 17-ஆம் சுலோகத்தின் கருத்து. சத்சங்கம் முடிந்ததும் ஓர் இளைஞர் அருகில் வந்தார். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர்; தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர்.

"சுவாமிஜி, நாள் முழுவதும் பசை நாற்றத்திலும் இயந்திரச் சத்தத்திலும் கழிகிறது. இரவு படுத்தபடியே கைப்பேசியில் நாலு பாட்டு, நாலு நகைச்சுவைக் காட்சி பார்க்கிறேன். பிடித்ததை அம்மாவுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புகிறேன். எனக்கு இருக்கும் ஓய்வு அது ஒன்றுதான். இதுவும் தவறா?"

கேள்வியில் குறும்பு இல்லை; களைப்பு இருந்தது. உழைத்தவன் இளைப்பாறுவதை எந்தச் சாஸ்திரமும் பழிக்கவில்லை. கீதை விஹாரத்தை விலக்கச் சொல்லவில்லை. அளவுக்கு உட்படுத்தவே சொல்கிறது. அச்சொல்லுக்குப் பொழுதுபோக்கு என்று பொருள் கொள்வோர் உண்டு. ஆதி சங்கரரோ தமது பாஷ்யத்தில் அதற்கு 'நடத்தல்' என்றே பொருள் உரைக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். உலாவப் போகிறவன் வீடு திரும்ப வேண்டும். திரும்பும் வழியை மறந்து நடப்பவனை உலாவுகிறான் என்று சொல்வதில்லை. வழிதவறிவிட்டான் என்றே சொல்வோம்.

முன்னாளில் திரும்பும் நேரத்தைப் பிறர் நமக்கு நினைவூட்டினார்கள். 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வுக்காக இம்மும்பை மாநகரமே புதன்கிழமை இரவுகளில் வானொலிப் பெட்டியின் முன் காத்திருந்தது. நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். அடுத்த பாடலுக்கு ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். இன்று அந்த முடிவு இல்லை. விரலால் தள்ளத் தள்ளத் திரையில் புதிதாக வந்துகொண்டே இருக்கும் முறையை 2006-இல் வடிவமைத்த ஆஸா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். திரைப்படங்களை இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர், தங்களுடைய போட்டியாளர்களுள் ஒன்று மக்களின் உறக்கம் என்று 2017-இல் கூறினார். முடிவை வெளியிலிருந்து எவரும் தரமாட்டார் என்னும்போது, அதை நாமே வகுத்துக்கொள்வதுதான் சாதனை.

அந்த இளைஞரிடம் அவருடைய ஊரின் பெயரையே உவமையாகச் சொன்னேன். சூளையிலிருந்து எடுத்த சுண்ணாம்புக்கல் ஆறிக் கிடப்பதுபோல் தோன்றும். அதைக் குளிர்விக்க எண்ணி நீரை ஊற்றினால் குளிராது, கொதிக்கும். பகலெல்லாம் வெந்த மனமும் அத்தகையதே. அதன்மேல் காட்சிக்குமேல் காட்சியாக ஊற்றிக்கொண்டிருந்தால் அது இளைப்பாறுவதில்லை, பொங்குகிறது. நீற்றிய சுண்ணாம்பையும் நல்ல கொத்தனார் உடனே சுவரில் பூசமாட்டார். தொட்டியில் அசையாமல் ஊறவிடுவார். அப்போதுதான் அது சுவரைப் பற்றி நிற்கும். மனத்துக்கும் அப்படி அசையாது கிடக்கும் நேரம் வேண்டும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "அம்மாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று?"

"தினமும் பாட்டு அனுப்புகிறேனே, சுவாமிஜி. அவர்களும் பதிலுக்குச் சிரிக்கும் படம் அனுப்புகிறார்கள்."

"நான் கேட்டது பேசியதைப் பற்றி."

அவர் தலைகுனிந்தார்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் சுனாபட்டிக்குச் சென்றபோது அவரே முன்வந்து நடந்ததைச் சொன்னார். அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். எடுத்தவர் அத்தை. அன்னை ஐந்து நாட்களாக மருத்துவமனையில்! மகன் பதறிப்போய் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவானே என்று, சிரிக்கும் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கும்படி அத்தையிடம் சொல்லி வைத்திருந்தது அந்தத் தாயுள்ளம். இரண்டு பக்கமும் சிரிப்பு பகிரப்பட்டது, துன்பம் பகிரப்படவில்லை.

மறுநாளே ரயிலேறிய மகனிடம் அன்னை சொன்னாராம்: "நீ அனுப்புற பாட்டை நான் முழுசாக் கேக்கறது இல்லைய்யா. அது வந்துட்டா, எம்புள்ள பத்திரமா வந்து சாப்பிட்டுப் படுத்துட்டான்னு நெனச்சுக்குவேன். அப்புறந்தான் எனக்குத் தூக்கம் வரும்."

இதைக் கேட்டபோது என் உபதேசத்தில் இருந்த குறை எனக்குப் புரிந்தது. அந்தப் பாடல்களை மனத்தைச் சிதறடிப்பவையாக மட்டுமே நான் கண்டிருந்தேன். மகன் பொழுதுபோக்காக அனுப்பியதை அன்னை திண்ணையில் எரியும் விளக்காக வைத்திருந்தார். பகிர்தலில் குற்றமில்லை. பகிரும் பொருளோடு நாமும் போய்ச் சேர்கிறோமா என்பதுதான் கேள்வி. தாம் முழுதாகக் கேளாத ஒன்றை நாற்பது பேருக்குத் தள்ளிவிடுவது தானமாகாது. உண்டு பார்க்காத உணவை ஊருக்குப் பரிமாறுவது போன்றது அது.

அவர் இப்போது ஒரு நியமம் வைத்திருக்கிறார். இரவில் ஒரே ஒரு பாடல். அதை முதலிலிருந்து கடைசிவரை தாம் கேட்கிறார். பிறகு அன்னைக்கு அனுப்புகிறார். அனுப்பியதும் அழைத்து, "சாப்பிட்டீங்களாம்மா? உடம்பு எப்படி இருக்கு?" என்று இரண்டு வார்த்தை பேசுகிறார். அதன்பின் கைப்பேசி எட்டாத அலமாரிக்குப் போய்விடுகிறது. விளக்கை அணைத்து, சிறிது நேரம் இறைவன் நாமத்தோடு அமர்ந்துவிட்டுப் படுக்கிறார். "முதல் வாரம் கை பரபரத்தது சுவாமிஜி; இப்போது காலையில் பட்டறைக்குப் போகும்போது தலை பாரமாக இல்லை" என்றார்.

வானெல்லாம் பறந்து களைத்த பருந்து, சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு தன் கூட்டை நாடுவதுபோல ஜீவன் ஆழ்ந்த உறக்கத்தை நாடுகிறது என்கிறது பிருஹதாரண்யக உபநிஷத்து. கூட்டின் வாயிலில் நின்றபடியே இன்னும் சிறகடித்துக்கொண்டிருப்பது யாருக்கு ஓய்வு தரும்?

அன்பர்களே, இன்றிரவு உங்களுக்குப் பிடித்த பாடலைக் கேளுங்கள், பிரியமானவருக்கு அனுப்புங்கள். அதனோடு உங்கள் குரலையும் சிறிது அனுப்புங்கள். பிறகு சிறகை ஒடுக்குங்கள்.