எழுந்திருக்கும் நேரம்

ஓய்வு பெற்ற முதல் மாதம் பலருக்கும் கொண்டாட்டம்தான். அலாரம் இல்லை, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இல்லை. நாள் போகப் போக, பத்து மணிக்குக் காபி, மூன்று மணிக்குச் சாப்பாடு, ராத்திரி ஒரு மணி வரை டிவி, பகலெல்லாம் காரணமே இல்லாத எரிச்சல். வயதாகிவிட்டது என்பார்கள் வீட்டில். வயது மட்டும் காரணமில்லை.

நம் உடம்புக்குள் ஏறத்தாழ 24 மணி நேரக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். வேளைக்குச் சாப்பிடுவதும் நாலு பேரிடம் பேசுவதும் அதற்குத் துணை.

அதற்காக நாள் முழுக்க அட்டவணை போட வேண்டாம். அதுவே தனி மன உளைச்சல். எழும் நேரத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆறு மணிக்கு எழுந்து, பால் பாக்கெட் வாங்க நீங்களே தெருமுனை வரை போங்கள். வெளிச்சம், நடை, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை எல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிடும். மனசு சரியானதும் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். போய் வந்தால்தான் மனசு கொஞ்சம் லேசாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.