விதியின் எல்லை

குருதிப் புற்றுநோயால் ஓர் இளைஞன் இறந்தான் என்ற செய்தி ஊருக்கு வந்தால், சாவீட்டில் கூடும் பெரியவர்கள் முதலிற் சொல்லும் சொல் ‘விதி’ என்பதே. அச்சொல்லில் ஆறுதல் உண்டு. எவரையும் பழிகூறாமல் துயரத்தைத் தாங்கிக்கொள்ள அது துணைசெய்கிறது. பிள்ளையை இழந்த தாயிடமிருந்து அந்த ஆறுதலைப் பறிக்க வேண்டுமென எவரும் வாதிடமாட்டார். ஆயினும் சாவீட்டிற் சொல்லத்தக்க சொல் வேறு; ஒரு சமுதாயம் தன் செயலையும் செயலின்மையையும் எடைபோடும்போது கையாளத்தக்க சொல் வேறு. ஒரு மரணம் எந்த அளவுக்கு விதி, எந்த அளவுக்கு அநீதி? இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு எங்கே கிடக்கிறது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு, ‘கடிய மைலொயிட் லுக்கேமியா’ என மருத்துவர் வழங்கும் நோயைவிடத் தக்க எடுத்துக்காட்டு அரிது. ஏனெனில், இந்நோய் வருவதில் தற்செயலின் பங்கு பெரிது. இதிலிருந்து மீள்வதிலோ சமுதாயத்தின் பங்கு பெரிது.

முதலில் நோயின் இயல்பை விளங்கிக்கொள்வோம். நமது என்புகளினுள்ளே இருக்கும் மச்சையிலேதான் குருதிக் கலங்கள் பிறக்கின்றன. ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களும், கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களும், காயத்திற் குருதியை உறையச்செய்யும் சிறுதட்டுக்களும் அங்கே தோன்றி, முதிர்ந்து, குருதியோட்டத்திற் கலக்கின்றன. அவ்வாறு தோன்றும் கலமொன்றின் பரம்பரையலகுகளில் நேரும் மாற்றங்களால் அது முதிர்ச்சியடையாமலே பெருகத் தொடங்கினால், அதன் வழிவந்த முதிராக் கலங்கள் மச்சையை நிரப்பிவிடுகின்றன. நல்ல கலங்களுக்கு இடமில்லாமற் போகிறது. செங்குழியங்கள் குறைய, உடல் வெளிறிக் களைப்பு மிகுகிறது. பயன்தரும் வெண்குழியங்கள் குறைய, காய்ச்சல் விடாமற் பற்றுகிறது. சிறுதட்டுக்கள் குறைய, முரசிலும் மூக்கிலும் குருதி கசிகிறது. தோலிற் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. சிகிச்சை இல்லையேல் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் வாழ்வு முடிந்துவிடும்.

இது தொற்றுநோய் அன்று. முற்பிறவிப் பாவத்தின் பயனும் அன்று. பெரும்பாலான நோயாளரிடத்தில், இன்ன காரணத்தால் வந்தது என மருத்துவராற் சுட்ட இயலாது. அவ்வளவில் இதனை விதியென்று ஒருவர் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் நோயின் வருகையிற்கூட மனிதர் கை முற்றாக இல்லாமலில்லை. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுக்குத் தப்பியவர்களிடையே பின்வந்த ஆண்டுகளில் லுக்கேமியா பெருகிற்று. இஸ்தான்புல் நகரின் சிறு பட்டறைகளிற் பென்சீன் கலந்த பசையைக் கையாண்ட பாதணித் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையானதை, முஸாபர் அக்ஸோய் என்னும் துருக்கிய மருத்துவர் 1970களில் வெளிக்கொணர்ந்தார். காற்றோட்டமில்லாத அறையும் மலிவான பசையும் தொழிலாளியின் ஊழ்வினையால் வந்தவை அல்லவே.

இனி, நோயிலிருந்து மீளும் வழியைப் பார்ப்போம். அவ்வழியைத் தனியொரு மேதை கண்டறியவில்லை. அது பல நாட்டு மக்களின் உழைப்பாலும் துன்பத்தாலும் சிறிது சிறிதாகத் திறந்தது. பம்பாய்த் துணியாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கொடிய சோகையால் மடிந்தார்கள். அவர்களிடையே ஆய்வு நடத்திய லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ற் சாற்றினால் அச்சோகை தீர்வதை 1931இல் அறிவித்தார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அவ்வமிலம் 1940களில் ஆய்வுகூடத்திலே தொகுக்கப்பட்டது. அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களும் அங்கேயே உருவாயின. அத்தகைய எதிர்ப்பொருள் ஒன்றினால் சிறுவரின் லுக்கேமியா தற்காலிகமாக அடங்கியதை பொஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர் 1948இல் வெளியிட்டார். அது வேறு வகை லுக்கேமியா. ஆயினும் லுக்கேமியா மருந்துக்குப் பணியும் என்ற நம்பிக்கை அங்கேதான் வேர்கொண்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளியின் குருதி இல்லாமல் அந்த அறிவு அவ்வழியில் வந்திராது.

மைலொயிட் வகைக்கான மருந்துகளின் கதையும் இத்தகையதே. கரிபியன் கடலிலே கிடைத்த கடற்பஞ்சு ஒன்றில் வேணர் பேர்க்மன் என்பவர் 1950களின் தொடக்கத்திற் கண்ட பொருள்களே சைற்றரபீன் என்ற மருந்துக்கு வழிகாட்டின. மண்ணில் வாழும் பற்றீரியாக்களிலிருந்து டோனோரூபிசின் கிடைத்தது. சைற்றரபீனை ஏழு நாளும் டோனோரூபிசினை மூன்று நாளும் செலுத்தும் முறை 1973இல் வெளிவந்தது. இன்றுவரை உடல் வலிமையுள்ள நோயாளருக்கான சிகிச்சையின் முதுகெலும்பு அதுவே. அதன் பின்னர் மேலும் பல சுற்று மருந்துகளும், தேவையானோருக்கு உடன்பிறந்தாரிடமிருந்தோ பிறரிடமிருந்தோ மச்சை மாற்றும் சிகிச்சையும் தொடரும்.

இந்நோயின் ஒரு கிளை புரோமைலோசிற்றிக் லுக்கேமியா. குருதிப்பெருக்கால் நோயாளியைச் சில நாளிலே கொன்றுவிடும் கொடுமையால் அது ஒருகாலத்தில் மருத்துவரையே நடுங்கவைத்தது. சீனத்தின் ஹார்பின் நகரில், நாட்டுமருந்து ஒன்றில் இருந்த பாஷாணத்தை ஆராய்ந்த மருத்துவர்கள் 1970களில் அதனை இந்நோய்க்குப் பயன்படுத்தினார்கள். ஷங்ஹாய் நகரில் வாங் சென்யீ என்னும் மருத்துவர் 1980களில், விற்றமின் ஏ வழிவந்த பொருளொன்று முதிராக் கலங்களைக் கொல்லாமல் முதிரச்செய்வதைக் காட்டினார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் காலந்தாழ்த்தாது வழங்குமிடத்தில், அதே கொடிய கிளையில் இன்று பத்தில் ஒன்பது பேரளவில் மீள்கிறார்கள். 1960இல் விதியாக இருந்தது இன்று விதியாக இல்லை. மனித அறிவு முன்னேறுந்தோறும் விதியின் எல்லை பின்வாங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் அறிவின் எல்லை விரிந்த இடமெல்லாம் வாழ்வு விரிந்துவிட்டதா? நமக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அனுபவம் இதற்கு இரு விடைகள் தருகிறது. வெளிநாட்டு மருந்தின் விலை நோயாளருக்கு எட்டாதிருந்த காலத்தில், அங்குள்ள மருத்துவர்கள் ஆசனிக் ஒட்சைட்டை உள்ளூரிலேயே ஆக்கி, அதனை மட்டும் கொண்டு புரோமைலோசிற்றிக் வகையினருக்குச் சிகிச்சையளித்தார்கள். 1998 முதல் 2004 வரை அவ்வாறு சிகிச்சை பெற்ற 72 பேரில் 86 வீதமானோரிடத்தில் நோய் முற்றாக அடங்கியது. ஏழைக்கும் எட்டும் வழியைத் தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

இரண்டாவது விடை கசப்பானது. அதே நிறுவனத்தார், மைலொயிட் லுக்கேமியாவின் ஏனைய வகைகளைப் பற்றி இரண்டாண்டுகள் நடத்திய ஆய்வொன்றை 2015இல் வெளியிட்டார்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர் 380 பேர். வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடைப்பட்ட தொலைவின் இடைநிலை அளவு 580 கிலோமீற்றர். அந்த 380 பேரில் முழுமையான சிகிச்சையைத் தொடங்கியவர் 109 பேரே. ஏனையோரிற் பெரும்பாலோரைத் தடுத்தது பணமின்மையே. தொடங்கிய 109 பேரில் 70 பேருக்கு முதற்சுற்று முடிவில் நோய் அடங்கியிருந்தது. எஞ்சிய 271 பேரை எண்ணிப்பாருங்கள். அவர்கள் நோயின் பெயரை அறிந்தார்கள். மருந்து இருப்பதையும், அது அந்தக் கட்டடத்திலேயே இருப்பதையும் அறிந்தார்கள். அறிந்தபின் வீடு திரும்பினார்கள். நோய் வந்தது விதியாகலாம். அந்த வாசலிலிருந்து திரும்பியதும் விதிதானா?

மருத்துவத்தை, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். இன்று அந்நான்கோடு ஐந்தாவதொன்றையும் சேர்க்கவேண்டியிருக்கிறது. நான்கையும் ஓரிடத்தில் ஒன்றுகூட்டும் சமுதாய ஏற்பாடே அது. சைற்றரபீனும் டோனோரூபிசினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள பழைய மருந்துகள். கடினமானது மருந்தை ஏற்றிய பின்வரும் வாரங்களே. மச்சை வெறுமையாகிக் கிடக்கும் அந்நாட்களில் நோயாளிக்குத் தூய அறை வேண்டும். பயிற்சிபெற்ற தாதியர் வேண்டும். காய்ச்சல் கண்ட உடனே தக்க நுண்ணுயிர்கொல்லி வேண்டும். திரும்பத் திரும்பச் சிறுதட்டு வேண்டும். சிறுதட்டை ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு மேற் சேமித்துவைக்க இயலாது. ஆகவே முன்பின் அறியாத மனிதர் இடைவிடாது குருதி தந்துகொண்டிருந்தால் மட்டுமே இந்நோயாளி பிழைப்பான்.

நம் நாட்டை நோக்குவோம். கட்டணமின்றி மருத்துவம் தரும் அரசாங்கச் சேவை, இலங்கை மக்கள் பெற்ற பேறுகளுட் பெரியது. வேலூரிலே அந்த 271 பேரிற் பெரும்பாலோரைத் திருப்பியனுப்பிய பணத்தடை இங்கே அதே வடிவில் இல்லை. அதனை எந்நாளும் காத்து நிற்பது நம் கடமை. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல் முடியுமிடத்திற் செலவு தொடங்குகிறது. கொக்கிளாயை எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்புக்கும் கடலுக்கும் இடையே மீன்பிடித்து வாழும் ஊர். இங்கிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒருவர் வடக்கே தெல்லிப்பழையை நோக்க வேண்டும். அல்லது முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மகரகமவை நோக்க வேண்டும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். தொழிலுக்குப் போகாத நாளில் மீனவன் வீட்டில் வருமானம் இல்லை. கூட நிற்பவர் தங்க இடம் வேண்டும். வீட்டிலே விட்டுவந்த பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். தெற்கே சென்றால் பேச மொழியும் வேண்டும். மருந்துக்குப் பணம் கேட்கப்படாவிட்டாலும், இவை ஒவ்வொன்றுக்கும் பணம் கேட்கப்படுகிறது. அதனினும் முக்கியம் காலம். புரோமைலோசிற்றிக் வகையில் முதற்சில நாட்களே உயிரைத் தீர்மானிப்பவை. சாதாரணக் காய்ச்சலென எண்ணி ஒரு கிழமை காத்திருப்பதும், குருதிச் சோதனையின் முடிவுக்காக மறுகிழமை அலைவதும் இந்நோயிற் சிறு தாமதங்கள் அல்ல.

இலவச சேவையும் தானாக நிலைப்பதன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு அம்பலமாகி, முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024இற் கைதுசெய்யப்பட்டார். கிடைக்காத மருந்துக்கும் தரங்கெட்ட மருந்துக்கும் கிரகநிலையைக் காரணங்காட்ட எவருக்கும் துணிவு வராது.

இங்கே இரு மறுப்புக்கள் எழலாம். எவ்வளவு செய்தாலும் இந்நோயில் அறுபது வயதுக்குட்பட்டோரிலே 35 முதல் 40 வீதமானோரே நிரந்தரமாக மீள்கிறார்கள். முதியோரில் இன்னும் குறைவு. பிறகு சமுதாயத்தைப் பழித்துப் பயனென்ன என்பது ஒன்று. இது உண்மையான கணக்கு, மறைக்கத்தக்கதன்று. சிறந்த வைத்தியசாலையிலும் இறப்போர் உண்டு. அந்த மரணத்தின் முன் நாம் தலைவணங்குகிறோம். அங்கே விதி என்ற சொல்லுக்கு இடமுண்டு. ஆனால் மீளக்கூடியவர் இவர், மீளமாட்டாதவர் இவர் என்பது சிகிச்சையின் வாசலில் நிச்சயமாகத் தெரிவதில்லை. முயன்று தோற்றவனின் மரணத்தையும், முயல வாய்ப்பே பெறாதவனின் மரணத்தையும் ஒரே சொல்லால் அழைப்பது, முன்னவனுக்கும் பின்னவனுக்கும் ஒருங்கே இழைக்கும் பிழை.

ஏழைநாடு எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்க இயலுமா என்பது மற்றையது. இயலாதுதான். புதிதாக வரும் மருந்துகளிற் சில, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருவாயையே விழுங்குவன. ஆயின் இங்கே கேட்கப்படுவது எல்லாம் அன்று. மாவட்ட வைத்தியசாலையில் விரைந்த குருதிச் சோதனை, தொலைவிலிருந்து வருவோருக்குத் தங்குமிடமும் பயணப்படியும், குருதி வங்கியில் ஓயாத இருப்பு ஆகியவை கேட்கப்படுகின்றன. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புதிய புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. இனபேதமின்றி நடந்த அக்கால்களை வாழ்த்துகிறோம். அதே வேளையில், உயிர்காக்கும் கட்டடமொன்றுக்காக மக்கள் நாடு முழுதும் நடக்க நேர்ந்ததேன் என்று கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம். ஈகை உயர்ந்ததே, ஆனால் அது களைத்துப்போகும். உரிமையைக் களைப்புக்கு விட்டுவிடக் கூடாது.

இவ்வூர் மக்களுக்கு ‘விதி’ என்ற சொல்லின் பயன்பாடு நன்கு தெரியும். 1984 டிசெம்பரில் கொக்கிளாயையும் அயற் கிராமங்களையும் விட்டுத் தமிழ்மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், போர் முடியும்வரை திரும்ப இயலாதிருந்தபோதும், ‘எங்கள் விதி’ என்றே பலர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. மனிதர் செய்ததை விதியென்று சொல்லப் பழகிய நாவு, மனிதர் செய்யாமல் விட்டதையும் எளிதில் விதியென்று சொல்லிவிடும்.

ஊழ்வினையை வற்புறுத்தும் நம் பெருங்காப்பியம் சிலப்பதிகாரம். ஆனால் அதன் தலைவி ஊழென்று ஒடுங்கி வீட்டில் இருந்துவிடவில்லை. சிலம்பை ஏந்தி அரசவைக்குச் சென்று வழக்குரைத்தாள். ஆட்சியில் தவறியோரை அறம் விடாது என்பதையும் ஊழின் வலிமையோடு சேர்த்தே அக்காப்பியம் தன் நோக்கமாகக் கூறுகிறது. வகுப்பறையில் முதலாவதை மட்டும் அழுத்திக் கற்பித்து, இரண்டாவதை மனனப் பகுதியாக விட்டுவிடும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் மாற்றிக்கொள்ளலாம்.

செய்யத்தக்கவை அரியவை அல்ல. களைப்பும் விடாக் காய்ச்சலும் குருதிக் கசிவும் ஒன்றுசேரக் கண்டால் அன்றே குருதிச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்கலாம். பதினெட்டு வயது நிரம்பிய மாணவர், ஆண்டில் ஒருநாள் விழாவாக அன்றி, ஒழுங்குமுறையாகக் குருதி கொடுக்கலாம். சோதனையும் போக்குவரத்தும் மருந்தும் எங்கே தடைப்படுகின்றன என்பதைக் கேட்டு, எழுதி, உரியவரிடம் பதில் வேண்டி நிற்கலாம். இவை யாவும் செய்யப்பட்ட பின்னரும் ஒருவர் இறந்தால், அந்தச் சாவீட்டிலே விதி என்று சொல்லி அழ நமக்கும் உரிமை உண்டு.