விருந்தாளியின் தராசு

அயல்நாட்டில் குடியிருப்போருக்கு நாள்தோறும் ஏதேனும் ஒரு சங்கடம் நேரும். சொன்னது ஒன்றாக, விளங்கியது வேறொன்றாக இருக்கும். எதிர்பார்த்தது ஒன்று, கிடைப்பது மற்றொன்று. இதில் குறை யாருடையது? ஊராருடையதா, வந்தவனுடையதா?

இப்னு பதூதாவின் பயணத்தைப் பார்ப்போம். 1325 இல் ஊரை விட்டுப் புறப்பட்ட அவர் தூனிஸ் நகரை அடைந்தார். உடன் வந்தோரை ஊரார் எதிர்கொண்டு ஸலாம் கூறினர். இவரை அறிந்தவர் எவருமில்லை. ஸலாம் கூறவும் ஆளில்லை. கண்ணீர் விட்டு அழுதார். அதைக் கண்ட சக பயணி ஒருவர் நெருங்கி வந்து, ஸலாம் கூறி, ஆறுதலாகப் பேசினார்.

1352 இல் அவர் மாலி நாட்டில் தங்கியிருந்தார். மன்னரின் அன்பளிப்பு வருகிறதென்றதும் ஆடைகளும் பணமும் என்று எண்ணினார். வந்தவையோ மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவைத் தயிர்! சிரித்துவிட்டார். ஆயினும் அந்நாட்டில் இறக்கும் அந்நியரின் பொருள், உரியவர் வரும்வரை நம்பகமானவரிடம் பத்திரமாக இருக்கும் என்பதையும் அவரே பதிவு செய்தார்.

ஒரு ஸலாமுக்கு ஏங்கி அழுதவர் ரொட்டியைக் கண்டு சிரிக்கலாமா? அவரை நாம் பழிக்கவில்லை. நம்மையே அவரிடம் காண்கிறோம். பிறந்த ஊரின் தராசைச் சுமந்து சென்று நிறுத்தால், அயலார் தருவது குறைவாகவே தெரியும். வந்தவனின் கடமை நன்றி. ஊராரின் கடமை முந்திக்கொள்ளும் முகமன்.

இன்று நம் தெருக்களிலும் மொழி தெரியாமல் பிழைக்க வந்தோர் நிற்கின்றனர். அவர்களை நோக்கி முதலடி வைப்பவர் நம்மில் யார்?