வாக்கை நம்பி வந்த நெல்

கலாத்தியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனியைப் பற்றி எழுதுகிறார். அதில் வரும் அன்பையும் சந்தோஷத்தையும் குறித்து நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஏழாவதாக வரும் ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்று கொஞ்ச நேரம் நிற்போம். கிரேக்க மூலத்தில் அது ‘பிஸ்டிஸ்’. தேவனை நாம் நம்புவதற்கும் அந்தச் சொல்தான். பிறர் நம்பி நம்மிடம் ஒன்றை ஒப்படைக்கலாம் என்கிற நம்பகத்தன்மைக்கும் அந்தச் சொல்தான். முதல் பொருளை இறுகப் பிடித்துக்கொண்ட நாம், இரண்டாவதை நழுவ விட்டோமோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது.

அந்த இரண்டாவது பொருளை வாழ்ந்து காட்டியவர் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர். அவர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1798இல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். பசியால் தெருவிலேயே ஜனங்கள் விழுந்து செத்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் வரவில்லை. முன்பு மாட்டையும் நெல்லையும் கொடுத்தவர்களுக்கு உரிய விலை போய்ச் சேரவில்லை. ராஜா உறுதி சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பேச்சும் எடுபடவில்லை.

கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டார்கள். “உங்கள் கூலிக்கு நான் பொறுப்பு” என்ற பொருளில் அவர் கிராமங்களுக்குக் கடிதம் அனுப்பினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. கோட்டைக்குள் 80,000 கலம் நெல் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்து முடித்தார்.

அந்த உழவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவருடைய பிரசங்கத்தை அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயர் ஒரே நாளில் வருமா? அப்போது அவர் இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. 1779இல் ஹைதர் அலியிடம் தூது போனபோது வழிச்செலவுக்குக் கிடைத்த பணத்தைக்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தவர். கனி பழுப்பது இப்படித்தான், ஒருவரும் கவனிக்காத சின்னச் சின்னக் கணக்குகளில்.

நம்மைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம்? சபையாரிடம் வேண்டாம். மளிகைக் கடைக்காரரிடம் கேட்கலாம். சீட்டு எடுத்த பிறகும் மாதாமாதம் தவணையைச் சரியாகக் கட்டினோமா என்று சீட்டுப் பிடிக்கிறவரிடம் கேட்கலாம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவிடம் கேட்கலாம். சம்பளத்தை அவர் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதா, கேட்காமலே கைக்கு வருகிறதா என்று அவருக்குத் தெரியும். ‘விசுவாசி’ என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறோமே, அந்தப் பெயரை அந்த அக்கா ஒப்புக்கொள்வாரா? இதைக் கேட்கும்போது என் நெஞ்சும் குத்துகிறது.

பிற்காலத்தில் தஞ்சாவூர் இளவரசர் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயருடைய பராமரிப்பில் வளர்ந்தார். சரபோஜி மதம் மாறவில்லை. ராஜாவான பிறகு, தம்மை வளர்த்த ஐயருக்குச் சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செய்யச் சொன்னார். லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேன் செதுக்கியது. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்துக்குள் இன்றும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அருகில் நின்று பாருங்கள். மரணப் படுக்கையில் ஐயர் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் ராஜா, அவருடைய கையைப் பிடித்தபடி.